பதினைந்து ஆடுகளும் தேவகோட்டை லைனும்

காரைக்குடி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கல்யாணசுந்தரிக்கு அது பதினோராவது வருடம். ஹெட்போன் அழுத்திக் காது மடல் காய்த்துப் போயிருந்தது. நாள் முழுக்கக் கையை உயர்த்தி வயரைச் செருகியும் உருவியும் வலது தோள் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போனால் யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் போதும் என்றிருக்கும். வயது முப்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. தன்னை யாரும் கேட்டு வரவில்லை என்றே அவள் நினைத்திருந்தாள்.

உங்களில் பாதிப் பேருக்கு அந்த டெலிபோனைத் தெரிந்திருக்காது, அதனால் சொல்லிவிடுகிறேன். அறுபத்தெட்டாம் வருடம் அது. ஒரு ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பேச வேண்டுமென்றால், இந்த ஊரில் ஒரு ஆளும் அந்த ஊரில் ஒரு ஆளும் வயரைச் செருகி இணைத்துவிட வேண்டும். அந்த ஆட்களுக்குள் குரல்தான் பழக்கம், முகம் தெரியாது.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை கடைக்காரர்கள் சாப்பிட்டுச் சாய்கிற நேரம். லைன் சும்மா கிடக்கும். அப்போது மூன்று ஊரிலிருந்து மூன்று பேர் ஆடுபுலி ஆட்டம் ஆடுவார்கள். ஆளுக்கொரு அட்டையில் கட்டம் வரைந்து, கோடுகள் சந்திக்கிற இடத்துக்கெல்லாம் ஒரே மாதிரி எண் போட்டு வைத்திருந்தார்கள். புளியங்கொட்டை ஆடு, வளையல் துண்டு புலி. மூன்று புலியும் கல்யாணசுந்தரிக்கு. பதினைந்து ஆட்டில் எட்டு சிவகங்கை நாச்சியாருக்கு, ஏழு தேவகோட்டை பூமிநாதனுக்கு.

"பதினொண்ணுல ஆடு," என்பான் பூமிநாதன்.

"ஏன் தம்பி, ஆடு மேய்க்கச் சொன்னா புலிக்குப் பந்தி வைக்கிறீக?" என்று நாச்சியார் பிடித்துக்கொள்வாள். "என் ஆடு எட்டும் பத்திரமா நிக்கிது. ஒங்க ஆடு மட்டும் தானா நடந்துபோயி வாயில விழுகுது."

"பசியா இருக்காகளோன்னுதான்க்கா."

"எனக்குந்தான் பசிக்கிது. ஒரு நாளாச்சும் கேட்டீகளா?"

கல்யாணசுந்தரி வாயைப் பொத்திச் சிரிப்பாள். அன்றைக்கு அவள் சிரிப்பது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும். ஒருமுறை அவளுக்குத் தொண்டை கட்டியபோது, முகமே பார்த்திராத நாச்சியார் பஸ் கண்டக்டரிடம் சித்தரத்தைப் பொடி கொடுத்தனுப்பினாள்.

இப்படி ஒரு வருடம் போனது. ஒரு மதியம், நாச்சியார் லைனில் இல்லாத நேரம், பூமிநாதன் கேட்டான். "ஒங்க அண்ணன்கிட்ட எங்கம்மா பேசலாமா? நம்ம சனம்தான்னு விசாரிச்சுட்டாக."

"பேசட்டும்," என்றாள் அவள்.

இந்தப் பக்கத்தில் பெண் கேட்பதென்றால் நாலு பேர் நேரில் வந்து உட்கார்ந்து, வெற்றிலையை முன்னால் வைத்துத்தான் பேச்சை எடுப்பார்கள். பூமிநாதனுக்கு அது தோன்றவில்லை. எல்லாமே லைனில் நடந்து பழகியவன். அம்மா மலையம்மாளை அழைத்துவந்து, தன் ஆபீசுக்குக் கீழே இருந்த பொது டெலிபோன் பெட்டிக்குள் உட்கார வைத்துவிட்டான். கல்யாணசுந்தரியின் அண்ணன் கோட்டைச்சாமி குமாஸ்தாவாக இருந்த லாரி ஆபீசுக்கு அழைப்பு. தேவகோட்டைப் பக்கம் வயரைச் செருகியவன் அவன். காரைக்குடிப் பக்கம் செருகியவள் அவள்.

இணைத்ததும் விலகிவிட வேண்டும் என்பது சட்டம். இருவருமே விலகவில்லை.

"வாஸ்தவம்தாம்மா, தங்கச்சி இருக்கா," கோட்டைச்சாமியின் குரல் கேட்டது. "ஆனா கல்யாணமே வேணாம்ங்கிறா. மூணு எடம் வந்துச்சு. மூணையும் அவதான் திருப்பி அனுப்பச் சொல்லிட்டா. நான் என்ன செய்ய?"

கல்யாணசுந்தரியின் கை வயரின் மேலேயே நின்றது. மூன்று இடமா? எப்போது? கோபம்கூட வரவில்லை. பதினோரு வருட அசதி மொத்தமாக வந்து மடியில் இறங்கினாற்போல இருந்தது.

"மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கலாமா?" என்றாள், மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் கேட்கிற வழக்கம்போல.

"வேணாம்மா," என்றான் கோட்டைச்சாமி. தினமும் அவள் கையால் சாப்பிடுகிறவன். அந்தக் குரல் யாருடையது என்று அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டு பக்கமும் வைத்துவிட்டார்கள். லைனில் பூமிநாதனின் மூச்சு மட்டும் இருந்தது.

"வேணாம்னா அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?" என்றான்.

"மூணு எடம் வந்ததே எனக்கு இப்பத்தான் தெரியும்."

அவளே மேலே கேட்டாள்.

"அம்மா போயிட்டாகளா?"

"பெட்டியிலதான் இருக்காக. முழங்கால் வலி, எந்திரிக்க நேரமாகும்."

"எந்திரிக்க வேணாம்னு சொல்லுங்க. லைனக் குடுங்க."

"யாரு?" என்றது வயதான குரல்.

"கல்யாணசுந்தரி பேசுறேன்மா. எங்கண்ணன் சொன்னது நெசமில்ல. என்னைய யாரும் கேக்கவே இல்ல."

"பொண்ணே பேசி நான் கேட்டதில்லயே, ஆத்தா."

"நானும் பேசுனதில்லம்மா. அடுத்தவுக பேச்ச இணைச்சு விட்டுத்தான் பழக்கம்."

"வயசென்ன?"

"முப்பத்திரண்டு."

"அவனுக்கு முப்பதுதான். ஒன் வயசு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா," என்றான் பூமிநாதன் நடுவில்.

"நீ ஏண்டா ஒட்டுக் கேக்குற? அங்குட்டுப் போ." மலையம்மாள் மூச்சு வாங்கினாள். "இந்தக் குழாய்ல கேட்டது என் தப்பு. நேர்ல வந்திருந்தா ஒங்க அண்ணன் மூஞ்சியப் பாத்திருப்பேன். அவருக்கு எத்தன பிள்ளைக?"

"மூணு."

"அதான் ஒன் சம்பளத்த விட மனசில்ல."

"பாதிய எப்பவும் குடுப்பேன்மா. என்னைய முழுசாக் குடுக்கத்தான் இனிமே முடியாது. அசந்துபோச்சு."

"வெள்ளிக்கிழம வாரோம்," என்றாள் மலையம்மாள். "ஒங்க அண்ணன் கதவச் சாத்திப்புட்டா?"

"நான் தொறந்து விடுறேன்."

அன்று மாலை, அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவும் வரை காத்திருந்து சொன்னாள். "தேவகோட்டையிலருந்து வெள்ளிக்கிழம ஆளுக வாராக. நான்தான் வரச் சொன்னேன். நீங்க அவுககிட்ட சொன்னதயும் கேட்டேன்ணே."

கோட்டைச்சாமி ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றான். அவள் ஏதாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்திருப்பான். அவள் திட்டவில்லை, அவ்வளவு தெம்பு இல்லை. அவன் வாசலுக்குப் போய்விட்டான்.

அண்ணி பொன்னழகுதான் பாத்திரத்தை எடுத்தபடி மெதுவாகக் கேட்டாள். "எத்தன பேரு?"

"மாப்பிள்ள, அவுக அம்மா. சிவகங்கையிலருந்து எனக்குத் தொணையா ஒரு அக்காவும் வாராக."

"அது யாரு? எப்படி இருப்பாக?"

"தெரியல அண்ணி. மூணு பேரையுமே நான் அன்னைக்குத்தான் பாக்கணும்."