அடைக்கோழிக்கு ஒரு நர்ஸ்

முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நின்ற கால்கள். கடைசி இருபது வருஷமும் குறைமாதக் குழந்தைகள் வார்டில். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் அந்த நர்ஸம்மா, "நாம கொஞ்சம் நிலம் எடுத்து, காய்கறி போட்டு, கோழி வளர்ப்போம்" என்றாள். கணவருக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறிவிட்டது. அவர் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். மூன்றாவது மாடி வீட்டில் ஒரு தொட்டிச் செடியைக்கூட உயிரோடு வைத்திருக்கத் தெரியாத தம்பதி அவர்கள்.

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா, சிஸ்டர்?" என்றார். கால் ஒடிந்து அவளுடைய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அப்படிக் கூப்பிட ஆரம்பித்தவர். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாகியும் அவர் வாயில் அதுதான் வருகிறது. நாலு பேர் நடுவில் கூப்பிட்டுவிட்டு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

"படுத்திருக்கிறவங்களையே பாத்தாச்சு. இனிமே எந்திரிச்சு ஓடுறத பாக்கணும்" என்றாள். அவள் ஆசைப்பட்டு எதையும் கேட்டதில்லை. அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு நிலம் விசாரிக்கக் கிளம்பினார்.

ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருந்த பெண் ஒருத்தி, இவர்கள் வயதில் பாதிதான் இருக்கும், பாத்தி கட்டுவது, எருக்குழி போடுவது, கோழி வளர்ப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். பண்ணையை ஒட்டி அரை ஏக்கர் சும்மா கிடந்தது. தேறினால் அதைக் குத்தகைக்குத் தருவதாகவும் சொன்னாள். ஒரே நிபந்தனை: தாங்களே ஒரு கோழியை அடைவைத்து, பதினொரு முட்டையில் ஆறையாவது குஞ்சாகப் பொரிக்கவைத்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் நிலம், காத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்கு.

பண்ணையின் சாமான் அறையில் இரண்டு பேரும் கட்டில் போட்டுக் குடியேறினார்கள். ஆயிரம் பிள்ளைகளைப் பிழைக்கவைத்த எனக்கு ஆறு குஞ்சு ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தாள் நர்ஸம்மா. அந்த நினைப்புதான் வினை.

கோழியை அடைவைத்த முதல் நாளே கூட்டுக்கு மேல் ஒரு அட்டையைத் தொங்கவிட்டாள். இரண்டு மணிக்கொரு தடவை கோழியைத் தூக்கி, முட்டைச் சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்த்து, அட்டையில் எழுதினாள். கோழி கொத்தியது. கையுறை போட்டுக்கொண்டு மறுபடி தூக்கினாள்.

"அது கோழிம்மா, அட்மிட் ஆன பேஷன்ட் இல்ல" என்றார் அவர்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இருங்க."

எட்டாம் நாள் காலையில் கோழி தானாகவே எழுந்து வெளியே வந்தது. மண்ணைக் குடைந்து குளித்தது, மேய்ந்தது. பொழுது சாயும்வரை முட்டைப் பக்கமே போகவில்லை. பண்ணைக்காரி வந்து முட்டைகளை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாலு முட்டையில் உயிர் இல்லை. அப்புறம்தான் அட்டையைப் பார்த்தாள்.

"அக்கா, ஒக்காந்தவள எழுப்பிக்கிட்டே இருந்தா அவ என்ன நெனப்பா? இந்த எடம் நம்ம பிள்ளைக்கு ஆகாதுன்னு கெளம்பிட்டா."

கூட்டை இருட்டு மூலைக்கு மாற்றி, சாக்கைத் தொங்கவிட்டதும்தான் கோழி திரும்ப உட்கார்ந்தது. மிச்சம் ஏழு. "நாலுங்க. என் கையால நாலு" என்று நர்ஸம்மா உடைந்து போனாள். அவர் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். "தண்ணிய வச்சு நான் என்ன பண்றது?" என்று சீறிவிட்டு, அதைக் குடித்தாள்.

அதற்கப்புறம் தீனியும் தண்ணீரும் வைக்க ஒரு நாளைக்கு ஒரே தடவை. வைத்தோமா வந்தோமா என்று இருக்க வேண்டும். அம்மாடி, அந்தப் பதின்மூன்று நாளும் அவள் பட்ட பாடு! கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. பண்ணைக்காரி சொல்லி ஊன்றிய அவரைக்கொட்டையை மூன்றாம் நாளே தோண்டி, முளைத்துவிட்டதா என்று பார்த்தாள். "மண்ணுக்கும் தெர்மாமீட்டர் வைக்கலியா?" என்று அவர் கேட்டதற்கு மண்வெட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

இருபத்தோராம் நாள் விடியும்போது ஐந்து குஞ்சுகள். ஒரு முட்டை அசைவே இல்லாத கூமுட்டை. இன்னொன்றில் மிளகளவு ஓட்டை. உள்ளே ஒரு மூக்கு, கீச்சென்று சன்னமாய் ஒரு சத்தம். மத்தியானமாகியும் ஓட்டை பெரிதாகவில்லை.

"பிரிச்சுவிட்டா ரத்தம் வந்து செத்துரும். விட்டாலும் சிலது வெளிய வராது" என்றாள் பண்ணைக்காரி. "நீங்கதான் பாத்துக்கணும்க்கா." சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள்.

நூல் மாதிரி நரம்பிலும் ஊசி ஏற்றிய விரல்கள் அவளுடையவை. "நகத்தால லேசா ஒரு சுத்து. ஒரு நிமிஷ வேலைங்க."

"ஆக்கப் பொறுத்தாச்சு, ஆறப் பொறுக்கக் கூடாதா?" என்றார் அவர்.

"செத்துட்டா?"

"நிலம் போகும். போனா போகுது, வேற பாப்போம்."

"நிலத்துக்காக இல்லீங்க. வார்டுல நான் கையக் கட்டிக்கிட்டு நின்னா பிள்ள செத்துரும். எனக்கு வேற எதுவும் தெரியாதுங்க."

அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ரெண்டு கையையும் குடு. இன்னிக்கு இது என் பொறுப்பு."

கொடுத்தாள். சாக்கின் இடுக்கு வழியே இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கீச்சுச் சத்தம் நின்றபோதெல்லாம் அவள் பிடியில் அவர் விரல்கள் நொறுங்கின. மனிதர் கையை விடவில்லை. வெயில் இறங்கும் நேரத்தில் முட்டையைச் சுற்றி ஒரு கீறல் ஓடியது. ஓடு இரண்டாய் விலகி, நனைந்து, எலும்பும் தோலுமாய், பார்க்கச் சகிக்காத ஒரு குஞ்சு வெளியே விழுந்தது. கோழி அதை அலகால் தள்ளி இறக்கைக்குள் சேர்த்துக்கொண்டது.

பண்ணைக்காரி எட்டிப் பார்த்து எண்ணினாள். "ஆறு! நாளைக்கே வேலி போட வந்துருங்கக்கா" என்றாள்.

நர்ஸம்மாவின் காதில் அது விழுந்ததா என்பதே சந்தேகம். அழுதுகொண்டே சிரித்தாள். "நான் தொடாமலே பொழச்சுருச்சுங்க. என்னைய ஒரு தடவகூடத் தேடல, பாத்தீங்களா?"

"தொட்டுப் பாக்கத்தான் நான் இருக்கேன்ல" என்றார் அவர்.

அவர் பிடியிலிருந்து அவள் தன் கைகளை எடுத்துக்கொள்ளவில்லை.