ஒன்றை அழுத்தவும்

காலையில் வந்த முதல் அழைப்பு கோழியைப் பற்றியது.

"எங்க வீட்டுக் கோழி அதுவே முட்டை போட்டு அதுவே கொத்திக் குடிச்சிடுதும்மா," என்றார் எதிர்முனையில் ஒரு பெண்மணி. "எங்களுக்கு வெறும் ஓடுதான் மிச்சம்."

கோழி, ஆடு, மாடு எல்லாம் ஐந்தாம் இருக்கைக்காரனின் பொறுப்பு. அவன் அந்த நேரம் மூக்கடைத்த கன்றுக்குட்டி ஒன்றின் சொந்தக்காரரோடு பேசிக்கொண்டிருந்ததால் அழைப்பு நாலாம் இருக்கைக்கு வந்துவிட்டது. அதில் இருந்தவள் திரையில் 'கோழி' என்று தட்டி, வந்த வரிகளைப் படித்தாள். படித்ததைப் பேச்சாக மாற்றிச் சொல்ல வேண்டும். அப்படியே ஒப்பித்தால் யாருக்கும் புரியாது.

"முட்டை போட்ட உடனே எடுத்துடுங்கம்மா. கூட்டுல வெளிச்சம் அதிகம் வேணாம். தீவனத்துல கிளிஞ்சல் தூள் கலந்து வைங்க. முட்டை சைஸ்ல வெள்ளைக் கல் ஒண்ணையும் கூட்டுல போட்டு வைங்க. கொத்திக் கொத்தி அலகு வலிச்சா அதுவே விட்டுடும்."

"ஐயோ, அலகு வலிக்காதா பாவம்?"

"வலிக்கணும்னுதானேம்மா கல்லு வைக்கிறோம்."

எதிர்முனையில் சிரிப்பு. "நல்லா இரு தாயி. சாப்டியா?"

அந்தக் கேள்விக்குத் திரையில் பதில் கிடையாது. சொந்தப் பேச்சு பேசக் கூடாது, பெயர் சொல்லக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது என்பது மையத்தின் விதி. அவள் முடிவுரையைச் சொன்னாள்: "உழவர் ஆலோசனை மையத்தை அழைத்ததற்கு நன்றி. எங்கள் ஆலோசனை பயனுள்ளதாக இருந்தால் ஒன்றை அழுத்தவும்." ஒரு கணம் கழித்துத் திரையின் ஓரத்தில் பச்சை டிக் ஒன்று விழுந்தது.

மையம் ஒரு குழாய்க் கடையின் மாடியில் இருந்தது. நீளமான அறை. இருக்கைகளுக்கு நடுவே மார்பு உயரத்துக்கு அட்டைத் தடுப்பு. சத்தம் மைக்கில் ஏறும் என்று மின்விசிறிகள் சுவர்ப் பக்கம் திருப்பப்பட்டிருக்கும். காற்று சுவரில் பட்டுத் திரும்பி வந்தால்தான் உண்டு. உள்ளே வரும்போதே கைபேசிகளை வாசலில் உள்ள இரும்பு அலமாரியில் வைத்துவிட வேண்டும். மேற்பார்வை பார்க்கும் பெரியக்கா கோடியில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். யாருடைய பேச்சையாவது அவள் ஒட்டுக்கேட்டால் அந்த இருக்கையின் மேல் ஒரு சின்ன விளக்கு எரியும்.

"மாட்டு டாக்டரே, கன்னுக்குட்டி என்ன சொல்லுச்சு?" என்று நாலாம் இருக்கைக்காரி தடுப்புக்கு மேலாகக் கேட்டாள்.

"ஜலதோஷமாம். லீவு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கேன்," என்றான் ஐந்தாம் இருக்கைக்காரன். அவன் டாக்டருக்குப் படித்தவனல்ல. அந்தப் பட்டம் அறை கொடுத்தது. அவளுக்கு அறை கொடுத்த பெயர் 'நாலு'.

நாலுவின் கணவன் பேருந்தில் அரை நாள் தள்ளி, குத்தகை நிலத்தில் கடலை போட்டிருந்தான். அவள் நகரத்தில் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில் இடத்தில் இருந்தாள்; விடுமுறை சேர்ந்து வரும்போது ஊருக்குப் போவாள். போனால் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. மோட்டாரை நிறுத்துங்க, மருந்தடிச்ச கையால சோத்தைத் தொடாதீங்க, வெயில்ல தலையில துணி போடுங்க. சொல்லி முடித்ததும் அவன் அருகில் வந்து, ஆள்காட்டி விரலால் அவள் நெற்றியின் நடுவில் மெல்ல அழுத்துவான். "ஒண்ணு அழுத்திட்டேன் மேடம்."

இந்தக் கடலை எடுத்ததும் அவள் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுவதாகப் பேச்சு. போன இரண்டு தடவை மழை ஏமாற்றியிருந்தது. இந்தத் தடவை செடி தரையை மூடிப் படர்ந்திருப்பதை அவளே பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த அழைப்பு வந்தது.

"விஷயத்துக்கு வருவோம்," என்று தொடங்கினார் அழைத்தவர். ஆனால் வரவில்லை. தன் மகன் வெளிநாட்டில் இருப்பது, தனக்கு முழங்கால் தேய்ந்தது, காலம் கெட்டுப்போனது எல்லாம் சொன்னார். "விஷயத்துக்கு வருவோம். நிலத்துல தேக்கு போடலாம்னு பையன் சொல்றான். ஆள் வேணாம், அம்பு வேணாம். வச்சா அது பாட்டுக்கு வளரும்ங்கறான். நீ என்னம்மா சொல்றே?"

"நிலம் எப்படிப்பட்டதுங்க ஐயா?"

"செம்மண்ணு. தண்ணி நிக்காது. தார் ரோட்டை ஒட்டினாப்பல இருக்கு. கிணத்து மேட்டுல இடி விழுந்து பாதி கருகின புளியமரம் ஒண்ணு நிக்குது பாரு, அதுலேருந்து வாய்க்கால் வரைக்கும் நம்மளுது."

அவள் விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றன. அந்தப் புளியமரத்தின் கருகாத பாதியில்தான் அவள் கணவன் சட்டையைக் கழற்றி மாட்டுவான். 'விஷயத்துக்கு வருவோம்' என்ற குரலும் இப்போது அடையாளம் தெரிந்தது. குத்தகை பேசிய அன்று அவள்தான் அவருக்குத் தேநீர் கொடுத்தாள்.

தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. பெரியக்கா கேட்கத் தொடங்கியிருந்தாள்.

"நல்ல மண்ணுங்க," என்றாள். "தேக்குக்கு ஏத்ததுதான்." இடைவெளி சொன்னாள், கன்று எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொன்னாள். "மரம் நிழல் கட்டுற வரைக்கும் நடுவுல கடலை, உளுந்துன்னு ஊடுபயிர் போடலாம் ஐயா. குத்தகைக்கு யாராவது செய்யறாங்கன்னா அவங்களே தொடர்ந்து செய்யலாம். களையும் வராது, கன்னுக்கும் காவல்."

இதுவும் திரையில் இருந்ததுதான். குத்தகை பற்றிய வரி மட்டும் இல்லை.

"அதெல்லாம் வேணாம்மா. செய்யறவன் நல்ல பையன்தான். ஆனா ஒருத்தனையே வருஷக்கணக்குல விட்டா நாளைக்கு நிலம் என்னுதுன்னு நிப்பான்னு பையன் பயப்படறான். சரி, குழி எப்ப எடுக்கணும்?"

பதில் அவள் கண்ணெதிரே இருந்தது. மழைக்கு முன்பே குழி எடுத்து ஆறவிட வேண்டும். மழை இந்த வருஷம் முந்தும் என்று காலையில்தான் எல்லாத் திரைக்கும் செய்தி வந்திருந்தது. கடலை முற்ற இன்னும் சில வாரங்கள் ஆகும். ஒரு சொல்லை மாற்றினால் போதும்: மழைக்குப் பிறகு. கேட்பவர் அப்படியே செய்வார். ஆறாத குழியில் கன்று பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். தப்பான ஆலோசனை சொன்னவர்களை இந்த அறையில் இரண்டாம் நாள் பார்க்க முடியாது.

"சொல்லும்மா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் ஐயா." அவள் தண்ணீர் பாட்டிலைத் தொட்டாள், எடுக்கவில்லை. "மழைக்கு முன்னாடி எடுத்து ஆறப் போடணும். நிலத்துல பயிர் இருந்தா, அதை எடுத்தப்புறம் செய்யறது நல்லதுங்க. வெளைஞ்சதை அழிக்க வேணாம் பாருங்க."

"பயிர் இருக்கு," என்றார் அவர் சாவகாசமாக. "அது என்னுது இல்லியேம்மா." பிறகு அன்பாகச் சொன்னார்: "நல்லா விவரமாச் சொன்னே. உன்னை மாதிரி ஒரு பொண்ணு எனக்கு இல்ல."

அவள் முடிவுரையைச் சொன்னாள். பச்சை டிக் விழுந்தது.

பெரியக்கா நடந்து வந்து தடுப்பின் மேல் கையை ஊன்றினாள். "கடைசியில திரையில இல்லாததைச் சேர்த்தியே, ஏன்?"

"பயிர் வீணாகுமேன்னு..."

"அவர் அதைக் கேட்டாரா?"

"இல்லக்கா."

பெரியக்கா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "முதல்ல தண்ணி குடி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மாலையில் அலமாரியிலிருந்து கைபேசியை எடுத்ததும் படிக்கட்டிலேயே நின்று கணவனைக் கூப்பிட்டாள்.

"வணக்கம், உழவர் ஆலோசனை மையமா?" என்றான் அவன்.

"விளையாடாதீங்க. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தீங்களா?"

"நேத்துதான் பார்த்தேன். பால் காய். ஓட்டுக்குள்ள வெள்ளையா இருக்கு, இன்னும் கறுக்கல. ஆனா கொத்துக் கொத்தா இருக்கு தெரியுமா? நீ வந்து பாரு, கண்ணு பட்டுடும்."

"நிலத்துக்காரர் வந்தாரா?"

"வந்தாரு. வரப்புல நடந்து பார்த்துட்டு, நல்லா பண்ணியிருக்கேப்பான்னாரு. முழங்கால் வலியாம், நான்தான் கையைப் பிடிச்சு வாய்க்காலைத் தாண்டி விட்டேன்."

கீழே குழாய்க் கடையில் யாரோ பிளாஸ்டிக் குழாயை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள். மையத்தில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். அதைவிட, கையைப் பிடித்துத் தாண்டி விட்டேன் என்றவனிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"ஏங்க, அறுவடை வரைக்கும் நிலம் நம்ம கையில இருக்கட்டும்னு அவர்கிட்ட வாய்விட்டுக் கேட்டு வைங்க."

"அதை எதுக்குக் கேக்கணும்?"

"சும்மா கேளுங்க. நான் சொல்றேன்ல."

"சரிங்க மேடம்," என்றான். அவன் விரல் காற்றில் எதையோ அழுத்துவது அவளுக்குத் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில், மேகம் போட்ட ஒரு காலையில், மாட்டு டாக்டர் தடுப்புக்கு மேல் தலையை நீட்டினான். "நாலு, ஒரு கடலை கேஸ் வழி தவறி என்கிட்ட வந்திருக்கு. மனுஷன் ரொம்பத் திணறுறாரு. நீ பாரு."

"வணக்கம், உழவர் ஆலோசனை மையம், நாலாம் இருக்கை."

எதிர்முனையில் ஒரு டிராக்டர் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

"வணக்கம் மேடம்," என்றான் அவள் கணவன்.

தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"சொல்லுங்க. என்ன பிரச்சினை?"

"கடலை போட்டிருக்கேன் மேடம். இன்னும் முத்தல. நிலத்துக்காரர் மரம் வைக்கப் போறாரு. உழுறதுக்கு டிராக்டர் வந்து நிக்குது. நாளைக்கு வேற ஊருக்குப் போயிடுமாம், சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்திருக்காரு. இப்பவே பிடுங்கினா எவ்வளவு தேறும்?"

"அறுவடை வரைக்கும் கேட்டுப் பார்த்தீங்களா?"

"கேட்டேன். மழைக்கு முன்னாடி குழி ஆறணுமாம். உங்க மையத்துலதான் சொன்னாங்களாம். ரொம்ப விவரமான பொண்ணுன்னாரு. அது சரியாத்தான் சொல்லியிருக்கு மேடம். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. கேட்டா அதைத்தானே சொல்லியாகணும்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். திரை தெளிவாக இல்லை, ஆனால் திரை தேவைப்படவும் இல்லை.

"முதல்ல லேசாத் தண்ணி பாய்ச்சுங்க. காஞ்ச மண்ணுல இழுத்தா காய் அறுந்து உள்ளேயே நின்னுடும். மேட்டுப் பக்கத்துலேருந்து ஆரம்பிங்க, அங்கதான் முன்னாடி முத்தியிருக்கும். ஓட்டை உடைச்சுப் பாருங்க. உள்ள கறுத்திருந்தா காய வைங்க. வெள்ளையா இருந்தா காய வைக்காதீங்க, சுருங்கிடும். பச்சைக் காயா இன்னிக்கே சந்தைக்கு அனுப்புங்க. செடியை மாட்டுக்காரங்க வாங்கிப்பாங்க."

"சரிங்க மேடம்."

"ஆள் எத்தனை பேர் இருக்கீங்க?"

"நான் மட்டும்தான். எதிர்வீட்டு அண்ணன் வரேன்னிருக்காரு. வீட்டுல வேலைக்குப் போயிருக்காங்க."

"வீட்டுல... லீவு போட்டு வரச் சொல்லலாமே."

"வேணாம் மேடம். வந்து சேர்றதுக்குள்ள இருட்டிடும். லீவு போட்டா வேலைக்கு ஏதாவது ஆயிடும். இனிமே எங்களுக்கு அது ஒண்ணுதான்."

கண்ணாடிக்குப் பின்னால் பெரியக்கா காதிலிருந்து கருவியைக் கழற்றி மேசைமேல் வைப்பது தெரிந்தது. விளக்கு அணைந்தது. பெரியக்கா திரும்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏங்க," என்றாள் நாலு, குரலைத் தாழ்த்தி. "யாரும் கேக்கல. பேசுங்க."

அவன் நகர்ந்து நின்றான் போலிருக்கிறது. டிராக்டரின் உறுமல் சற்றுத் தேய்ந்தது.

"சாப்டியா?" என்றான்.

"சாப்டேன்."

"பொய் சொல்லாதே."

"நீங்க?"

"தலையில துணி போட்டிருக்கேன்," என்றான் அவன், அதுதான் பதில் என்பதுபோல.

பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது: "என்னப்பா, போன்லயே நின்னா எப்படி? விஷயத்துக்கு வருவோம்."

"வரேன் ஐயா," என்று அவன் சொன்னான். பிறகு அவளிடம், "கடைசியில ஒண்ணு சொல்லுவியே, சொல்லு."

"வேணாங்க."

"சொல்லு. பாதியில விட்டா உனக்குத்தான் மார்க் குறைப்பாங்க."

அவள் சொன்னாள். நன்றியிலிருந்து தொடங்கி, ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னாள். அழைப்பு அறுந்தது. அவள் கை தானாக நெற்றிக்குப் போனது.

திரையின் ஓரத்தில், அந்த வாரத்தின் டிக்குகள் வரிசையாக இருந்த இடத்தில், நிலத்துக்காரர் கொடுத்ததற்குச் சற்றுக் கீழே, அதே அளவில், அதே பச்சையில் இன்னொன்று வந்து விழுந்தது.