ஒரு வயிற்றுக்கு இரண்டு எண்

கடிதம் ஒன்றுதான் வந்திருந்தது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளோ இரண்டு. பதினோரு நிமிட இடைவெளியில் பிறந்த இரட்டைப் பெண்கள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அவர்களைப் பெற்றவள் உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள். இன்னொரு தாள் விழவில்லை.

பெரியவள் திங்கட்கிழமை முதல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றப்படுகிறாளாம். போகவர பஸ் உண்டாம். இந்தப் பள்ளியில் மூன்றாம் பிரிவுப் பிள்ளைகள் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டார்களாம். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் தெரிவிக்க வேண்டுமாம். சின்னவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த ஊரில் ஐந்து இனத்து மக்கள் இருந்தார்கள். எல்லாப் பள்ளியிலும் எல்லாரும் கலந்து படிக்க வேண்டும் என்று கல்வி அலுவலகம் நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தது. கலப்பதற்கு முன்னால் பிரித்து எண்ண வேண்டுமே! அதற்காக ஒன்றிலிருந்து ஐந்து வரை ஆளுக்கொரு எண் போட்டார்கள். எண் காகிதத்தில் நிற்குமா? ஒரே வருஷத்தில் தெருவுக்கு வந்துவிட்டது. "மேல் வீட்டுக்கு மூணாம் நம்பர் குடி வந்திருக்கு" என்று காதுபடவே பேசினார்கள்.

அவள் மூன்று. அவள் புருஷன் ஐந்து. இரண்டு வீட்டாரும் கைகழுவிவிட, பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பிள்ளைகளின் விண்ணப்பத்தில் 'இனம்' என்ற கட்டத்தை அவர்கள் நிரப்பவில்லை. "ரெண்டும்தானே, எதுல டிக் அடிக்கிறது?" என்று அவன் சிரித்தான். லிப்ட் ரிப்பேர் செய்கிறவன். எதற்கும் சிரிக்கிறவன், சிரிப்பு தீர்ந்தால் சண்டைக்குப் போகிறவன்.

அவள் அப்படி இல்லை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தாலே பயந்து எடுக்காமல் விட்டுவிடுவாள். ஆனால் இந்தக் கடிதத்துக்குப் பயப்படக் காரணம் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பஸ்ஸின் மேல் ரயில்வே கேட் பக்கத்தில் யாரோ கல்லெறிந்தார்கள். ஒரு குழந்தைக்கு நெற்றியில் நாலு தையல். அவள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் துணி தேய்க்கிறவள். அன்று மேலேயிருந்து வந்த மூட்டையில் குழந்தைகள் வார்டின் சின்னத் தலையணை உறை ஒன்று இருந்தது. இரண்டு தடவை துவைத்தும் கறை முழுசாகப் போகவில்லை. அதை அவள்தான் தேய்த்து மடித்தாள்.

சின்னவள் வாயாடி, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாள். பெரியவள் நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயே திறக்க மாட்டாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் தங்கைதான் கேட்டு வாங்கித் தர வேண்டும். அவள் தனியாக அந்த பஸ்ஸில் ஏறுவதை நினைத்ததும் அம்மாவால் வெள்ளிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்கு ஓடினாள். பள்ளி கிளார்க் வயதான அம்மாள். கம்ப்யூட்டரில் இரண்டு பெயரையும் தேடி எடுத்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"பெரிய பொண்ணு மூணு. சின்னவ அஞ்சு."

"ரெட்டைப் பிள்ளைங்க மேடம்! ஒரே வயித்துல இருந்தவங்க!"

"மெதுவாப் பேசும்மா." கிளார்க் ஹெட்மிஸ்ட்ரஸ் அறைப் பக்கம் பார்த்துக்கொண்டார். "கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது. நாங்களே பிள்ளையைப் பாத்து ஒண்ணு போட்டுடுவோம். அதுதான் வழக்கம். சின்னவளை உங்க வீட்டுக்காரர் கூட்டிட்டு வந்தாரு. பெரியவளுக்கு அம்மைன்னு பத்து நாள் கழிச்சு நீங்க கூட்டிட்டு வந்தீங்க. அன்னைக்கு ஒரு நாள்ல நூத்துப் பத்துப் பேருக்குப் போட்டேன். கூடப் பிறந்தவ யாருன்னு நான் எங்கம்மா பாத்தேன்? கூட வந்தவங்களைத்தான் பாத்தேன்."

சின்னவள் அப்பாவின் நிறம், அப்பாவின் மூக்கு. பெரியவள் அம்மாவை உரித்து வைத்தவள். தப்பு கிளார்க்குடையது மட்டுமில்லை, ஆனால் அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

"மாத்த முடியாதா மேடம்?"

"அப்பாவும் அம்மாவும் வேற வேற பிரிவுன்னா கல்வி ஆபீஸ் அதிகாரி நேர்ல பாத்து முடிவு பண்ணுவாரு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு இங்கதான் வர்றாரு. ரெண்டு பேருக்கும் அஞ்சுன்னு போட்டா ரெண்டு பேரும் இங்கயே இருப்பாங்க." கிளார்க் குரலை இன்னும் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நீங்க ரூமுக்குள்ள வராதீங்க. அப்பாவை மட்டும் அனுப்புங்க. உங்களையும் அவளையும் பக்கத்துல பாத்தா மனுஷன் யோசிக்கவே மாட்டாரு, மூணுன்னு எழுதிட்டுப் போயிடுவாரு."

இதைக் கேட்டதும் புருஷன் குதித்தான். "பெத்தவளை ஒளிச்சு வச்சுட்டு நான் போய்ப் பல்லைக் காட்டணுமா? முடியாது."

"என்னங்க, உங்க ரோஷத்தை அப்புறம் வச்சுக்கலாம். அந்த பஸ்ல ஏறப் போறது நீங்க இல்லை, அவ."

அவன் ஒத்துக்கொண்டான். அம்மா எங்கே என்று கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை தலை வாரிவிடும்போது பெரியவளிடம் சொன்னாள். "இன்னிக்கு ஆபீஸ் ரூமுக்கு அப்பா கூடப் போகணும். அம்மா உள்ள வரமாட்டேன்."

"ஏன்?"

"சும்மாதான்."

பிள்ளை சீப்பைப் பிடித்து நிறுத்தினாள். "உன்னைப் பாத்தா அந்த சாருக்குப் பிடிக்காதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பயத்தில் இருந்தவளுக்குப் பொய் வரவில்லை. "பாக்காம இருந்தா நல்லதுடா" என்றாள்.

மூன்று மணிக்கு அவள் ஜெராக்ஸ் மெஷின் இருக்கிற சின்ன அறையில் நின்றாள். கிளார்க்தான் அங்கே நிற்க வைத்தார். நடுவில் பிளைவுட் தடுப்பு மட்டும். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுவதுகூடக் கேட்டது.

அதிகாரியின் குரல் கெட்ட குரல் இல்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. சின்னவளிடம் நாலு கேள்வி கேட்டார். நாற்பது பதில் வந்தது. பிறகு நிசப்தம். பெரியவளைப் பார்க்கிறார் போலிருக்கிறது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"இந்தப் பாப்பா உங்க ஜாடை இல்லையே?"

"என் பொண்ணுதான் சார்" என்றான் புருஷன். குரல் ஏறுவது அவளுக்குத் தெரிந்தது. 'கடவுளே, சண்டை போட்டுவிடாதே' என்று வேண்டிக்கொண்டாள்.

"கோவப்படாதீங்க. கேக்கறது என் வேலை. பாப்பா, நீ அம்மா மாதிரியா? அம்மா எங்க?"

வழக்கப்படி சின்னவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். "அம்மா வந்து..."

"அம்மா இல்லை."

யார் குரல் என்று அவளுக்கு முதலில் புரியவில்லை. வீட்டுக்கு வெளியே அந்தக் குரலை அவள் அவ்வளவு தெளிவாகக் கேட்டதே கிடையாது.

"இல்லைன்னா?"

"எங்களுக்கு அம்மா இல்லை சார். அப்பா மட்டும்தான்."

சின்னவள் "ஆ!" என்றாள், அக்கா கிள்ளியிருக்க வேண்டும். அதன் பிறகு அவளும் பேசவில்லை. ஜெராக்ஸ் அறையில் அம்மா தன் புருஷனின் பதிலுக்காகக் காத்திருந்தாள். வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அவன் இப்போது சொன்னால் பிள்ளை பொய்க்காரி ஆகிவிடுவாள். சொல்லாவிட்டால்? தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் தொண்டையைக் கனைத்தான். ஒன்றும் சொல்லவில்லை.

"மன்னிச்சுக்குங்க சார்" என்றார் அதிகாரி. குரல் இளகியிருந்தது. "தாயில்லாப் பிள்ளைங்கன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கட்டும்." பேனா ஓடும் சத்தம் கேட்டது. முத்திரை இரண்டு தடவை விழுந்தது.

ஜெயித்தாகிவிட்டது. அந்த பஸ் இல்லை, ரயில்வே கேட் இல்லை. அவள் சந்தோஷப்படப் பார்த்தாள். உயிரோடு நிற்கிறவளுக்குத் துக்கம் விசாரித்த குரல்தான் காதில் நின்றது. பிள்ளையை வாரி அணைத்துக்கொள்ள வேண்டும், இப்போதே, என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கதவைத் திறந்தாள்.

நடைபாதையில் பெரியவள் வந்துகொண்டிருந்தாள். நாலடி பின்னால் புருஷனோடு பேசியபடி அதிகாரி. அம்மாவைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் வெளுத்துப்போயிற்று. கண்ணை அகல விரித்து, யாருக்கும் தெரியாதபடி தலையை மட்டும் ஆட்டினாள், வராதே என்று.

அவள் உள்ளே நகர்ந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.