நூற்றுக்குத் தொண்ணூற்றேழு

எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் கண்ணைப் பற்றிக் கவலை கிடையாது, மதிப்பெண்ணைப் பற்றித்தான். கண்புரை எடுத்தபின் உள்ளே வைக்கிற லென்ஸ் எப்படிக் காட்டும் என்று கணினியிலேயே கணிப்பது எங்கள் வேலை. கண் டாக்டர்கள் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையைப் படமெடுத்து, கணினிக்குள் நாங்கள் உருவாக்கிய மாதிரி லென்ஸ் வழியாக அனுப்புவோம். கலங்கி வெளியே வரும். அதை எங்கள் தலைவர் படிப்பார். எந்த வரிவரை படிக்கிறாரோ அதற்கேற்ப மதிப்பெண். இதை வைத்தால் கண்ணாடியே வேண்டாம் என்று எங்கள் கம்பெனி விற்கிற லென்ஸ் தொண்ணூற்றேழு வாங்கியிருந்தது.

அதை நம்பித்தான், தன் கண்புரை ஆபரேஷனுக்கு அக்காவும் அதையே கேட்டிருந்தாள். நான்தான் கேட்கச் சொன்னேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். அக்கா தையல்காரி. கறுப்புக் கோட்டில் கறுப்பு நூலால் பொத்தானுக்குக் காஜா எடுப்பவள். கண் போனால் பிழைப்பும் போச்சு.

பத்து வருடமாக அதே பலகை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் நானே சொல்லிவிடுவேன். அப்படியென்றால் தலைவர் படிக்கிறாரா, ஒப்பிக்கிறாரா? அக்கா ஆபரேஷனுக்கு முதல் நாள், யாரிடமும் சொல்லாமல் எழுத்துகளை மாற்றிப் போட்டு, கலங்கிய படத்தை அவர் முன்னால் வைத்தேன்.

மனுஷன் கண்ணைக்கூடச் சுருக்கவில்லை. கடகடவென்று கடைசி வரிவரை போனார். அத்தனையும் பழைய எழுத்து.

"தொண்ணூத்தேழு போட்டுக்கோம்மா."

"சார், நீங்க சொன்ன எழுத்து ஒண்ணுகூட இதுல இல்ல."

அசடு வழிவார் என்று பார்த்தேன். ம்ஹூம்.

"மாத்தறதுன்னா சொல்லிட்டு மாத்தணும்மா. இல்லன்னா எப்படிப் படிக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்கு எங்க அக்கா கண்ணுல இதத்தான் வைக்கப் போறாங்க. போன மாசம் நீங்களும் ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களே, இதானே வெச்சீங்க?"

"சேச்சே, நான் சாதா லென்ஸ்தான். படிக்கக் கண்ணாடி போட்டுக்கறேன்." குரலைத் தாழ்த்தினார். "கண்ணு விஷயம் பாரு."

என் அக்காவுக்கு இருப்பது மட்டும் என்ன, கோலிக்குண்டா? அவர் முன்னாலேயே போன் போட்டேன்.

"அக்கா, சாதா லென்ஸே போதும்னு டாக்டர்கிட்ட சொல்லிடு. தைக்கும்போது கண்ணாடி போட்டுக்கோ."

"ஏன்டி, தொண்ணூத்தேழுன்னு அந்தக் குதி குதிச்சே?"

"படிச்சு வாங்கினது இல்லக்கா. மனப்பாடம்."

அக்கா விடவில்லை.

"அப்போ ஏற்கெனவே அத வெச்சுக்கிட்டவங்க?"

போனைக் காதில் வைத்தபடியே தலைவரைப் பார்த்தேன். அவர் புது எழுத்துகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, உதடசைத்து உருப்போட்டுக்கொண்டிருந்தார்.