சொல்லி அனுப்பிய வாக்கு

அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவன் கெட்டிலில் தண்ணீர் வைத்தான். புதன்கிழமை. மணி ஆறே முக்கால். அவளுடைய நீலச் சட்டையை இஸ்திரி போட்டான். காலரில் ஆரம்பிக்க வேண்டும் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கையில் ஆரம்பித்தான். அவள் இரண்டு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டாள். ஒன்றைச் சாப்பிட்டாள். இன்னொன்றின் ஓரத்தை மட்டும் பிய்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்தாள். ஏழே காலுக்குக் குப்பை வண்டி வந்தது. அவன் பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தான். எட்டரைக்கு அவள் வாசல் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து ஷூ போட ஆரம்பித்தாள். எட்டு ஐம்பதுக்கு உயிர் இல்லை.

மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். முப்பத்தொரு வயதிலும் வரும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடம் மெல்லிசாக இருக்கும். பேனாவைத் திருகித் திருகிப் பேசினார்.

பக்கத்தில் டீச்சர் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவள் செயலாளராக இருந்த அகதிகள் உதவிச் சங்கத்தின் தலைவர். அவனுக்கு முன்பே ஓடி வந்தவர்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"காலைல இவர் எனக்குப் போன் பண்ணினார் டாக்டர். அவளுக்குக் காய்ச்சல், மீட்டிங்குக்கு வர மாட்டாள்னு."

"காய்ச்சலா? எத்தனை நாளா?"

"இன்னைக்குத்தான்" என்றான் அவன்.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். யாரோ நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அந்த முக்காலியும் வரிசையில் இருந்தது. அதில் யாராவது உட்காருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். யாரும் உட்காரவில்லை. மச்சினி சமையலறையில் கப் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

"காய்ச்சல்னு தெரியுமில்ல மாமா?"

அவன் கதவில் சாய்ந்து நின்றான்.

"டீச்சருக்குப் போன் பண்ணத் தெரிஞ்சுது. டாக்டருக்குப் பண்ணத் தெரியலையா?"

"சாதாரணக் காய்ச்சல்னு நினைச்சேன்."

"நினைச்சீங்க" என்றாள் மச்சினி. குழாயை மூடினாள். "அக்காவும் அப்படித்தான். ஒடம்புக்கு என்ன வந்தாலும் மீட்டிங் முடியட்டும்பா. நீங்களாவது கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாம்."

அவன் மனைவிக்குக் காய்ச்சல் இல்லை. பத்து மணிக் கூட்டத்துக்குப் போகப் பயந்து, சொல்லச் சொல்லி அவளே கொடுத்த பொய் அது. அவன் டீச்சரிடம் கொடுத்தான். டீச்சர் டாக்டரிடம் கொடுத்தார். இப்போது மச்சினி கையில் இருந்தது. திரும்ப வாங்கலாம். வாங்கினால் அவள் பயந்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் காலையிலிருந்து பேசிக்கொண்டிருந்தது அவளுடைய தைரியத்தைப் பற்றித்தான்.

அவன் கப்புகளைத் துடைத்து அடுக்கினான்.

மதியம் கூட்டம் கலைந்த பிறகும் மூன்று பேர் போகவில்லை. டீச்சர், வக்கீல், பல் டாக்டர். மூன்று பேரும் சங்கத்தின் நிர்வாகக் குழு. குழுவில் அவளோடு சேர்த்து ஏழு பேர். டீச்சர் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க ரெண்டு பேரைப் பத்தி செயலாளர் ஒரு தடவை மினிட்ஸ்ல என்ன எழுதினாங்க தெரியுமா?" என்றார் பல் டாக்டர். "'வக்கீலும் பல் டாக்டரும் பேசினார்கள். பிறகு அதையே மறுபடியும் பேசினார்கள்.' அந்த வரியை அடிக்கச் சொல்லிக் கேட்டேன். அடிச்சுட்டு, 'பல் டாக்டர் ஆட்சேபித்தார்'னு சேத்துட்டாங்க."

வக்கீல் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"கேக்கக் கூடாத நேரம்" என்றார் டீச்சர். "ஆனா நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிதான் கெடு. உங்களுக்குத் தெரியும்ல, அந்த லெட்டர்."

தெரியும். பஸ் டிப்போவுக்குப் பின்னால், பழைய மாணவர் விடுதி ஒன்றில் சங்கம் நாற்பத்தொரு பேரைத் தங்கவைத்திருந்தது. அதில் ஒன்பது பேரிடம் எந்தக் காகிதமும் இல்லை. அந்த ஒன்பது பேரின் பட்டியலைக் கொடுத்தால் விடுதியின் அனுமதி நீடிக்கும் என்று அரசுக் குடியேற்ற அலுவலகம் எழுதியிருந்தது. கொடுத்தால் ஒன்பது பேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கொடுக்காவிட்டால் ஒரு மாதத்தில் விடுதியை மூட வேண்டும். நாற்பத்தொரு பேரும் தெருவுக்கு வருவார்கள்.

"மூணுக்கு மூணுல நிக்குது" என்றார் டீச்சர். "அவ வாக்குதான் பாக்கி. உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

"செயலாளர் யதார்த்தமானவங்க" என்றார் வக்கீல். "முப்பத்திரண்டு பேர் தலைக்கு மேல கூரை இருக்கறது அவங்களுக்குத் தெரியாம இருக்காது."

"ஒரு மாசம் இருக்குல்ல. எல்லாருக்கும் இடம் தேடலாம்" என்றார் பல் டாக்டர்.

"எங்க? உங்க கிளினிக்லயா? நாற்காலிக்கு ரெண்டு பேரா படுக்க வைப்பீங்களா?"

"படுக்க வைப்பேன்யா."

"சாவு வீட்டுல" என்றார் டீச்சர். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

வர முடியாத உறுப்பினர் தன் வாக்கை வீட்டார் ஒருவரிடம் சொல்லி அனுப்பலாம் என்று சங்கத்தில் ஒரு விதி உண்டு. அதை எழுதியவள் அவள்தான். குழுவில் இருந்த நர்ஸுக்கு எப்போதும் கூட்ட நேரத்தில்தான் டியூட்டி விழும். நர்ஸின் மாமியார் பஸ் பிடித்து வந்து மேஜை முன்னால் நிற்பார். "மருமக வேணாம்னு சொல்லச் சொன்னா. எனக்கு வேணும்னுதான் படுது. ஆனா நான் சொல்லக் கூடாதாமே" என்பார். அதற்காகவே விதியில் அவள் இன்னொரு வரி சேர்த்தாள். கொண்டுவருபவர் சொன்னதைச் சொன்னபடியே சொல்ல வேண்டும், தன் கருத்தைச் சேர்க்கக் கூடாது.

"சொன்னவங்க இப்ப இல்ல. அப்ப அது செல்லுமா?" என்று வக்கீலைக் கேட்டார் டீச்சர்.

"சொல்லும்போது இருந்தாங்கல்ல. செல்லும்."

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"நாளைக்கு வரேன்" என்றான்.

அவர்கள் போன பிறகு அவளுடைய மேஜை இழுப்பறையைத் திறந்தான். ரெக்கார்டர் மேலேயே இருந்தது. மினிட்ஸ் எழுதுவதற்காகக் கூட்டங்களைப் பதிவு செய்து வைப்பாள். போன வாரத்துக் கூட்டம், இரண்டே முக்கால் மணி நேரம். அவள் என்ன நினைத்தாள் என்று அதில் எங்காவது இருக்கும் என்று கேட்க உட்கார்ந்தான்.

வக்கீல் பேசினார். பல் டாக்டர் பேசினார். நர்ஸ் ஒரு முறை அழுதாள். எல்லாக் குரலும் தூரத்திலிருந்து வந்தது. ரெக்கார்டர் அவள் கைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவள் மூச்சு கேட்டது. பேனா காகிதத்தில் கீறுவது கேட்டது. யாரோ "ஒன்பது பேர்தானே" என்றபோது பேனா நின்றது. மூச்சு நிற்கவில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் அவள் பேசினாள். "இதை எழுதணுமா டீச்சர், வேண்டாமா?" அவ்வளவுதான். பிறகு மறுபடியும் மூச்சு.

அறைக்குள் இன்னொருவர் இருப்பதுபோல் இருந்தது. அவன் தன் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். பிறகு அணைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, வாக்குக்காக இல்லை, வெறுமனே மறுபடி போட்டான்.

கோப்பில் பட்டியல் இருந்தது. அவள் கையெழுத்து. ஒன்பது பெயர்கள், வயது. ஒவ்வொன்றின் எதிரிலும் பென்சிலில் ஏதோ குறித்திருந்தாள். 'இரவில் இருமல்.' 'கண்ணாடி மாற்ற வேண்டும்.' 'வெங்காயம் சேர்க்க வேண்டாம்.' 'கதவு மூடினால் பயம்.' ஏழாவது பெயரின் எதிரில், 'தையல். மிஷின் கேட்கிறார்.'

ஐந்து மணிக்குக் கதவைத் தட்டியவள் அந்த ஏழாவது பெயர்தான். நாற்பது வயதிருக்கும். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். உள்ளே வரச் சொன்னான். வரவில்லை.

"அம்மா தைக்கக் குடுத்தாங்க சார். சாம்பல் கலர் பேன்ட். புதன்கிழமை மீட்டிங்குக்குப் போடணும்னாங்க. எனக்குத்தான் முடிக்க நேரமாயிடுச்சு."

அவன் வாங்கிக்கொண்டான்.

"இடுப்புல ரெண்டு இஞ்ச் பிடிச்சிருக்கேன். ரொம்ப இளைச்சுட்டாங்களே. நீங்க பாக்கலையா?"

"பாக்கல."

"எங்க தலவலி இவங்களைத் தின்னுடுச்சு" என்றாள். சொன்னபிறகு அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தவள்போலப் படியைப் பார்த்தாள். அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் விடுதி முழுக்கத் தெரியும். நாளைக்கு என்ன ஆகும் என்று கேட்பாள் என்று அவன் காத்திருந்தான். அவள் கேட்கவில்லை.

"மிஷின்ல இல்ல சார். கையாலதான் போட்டேன். பிரியாது" என்றாள். இறங்கிப் போனாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்குப் போனான். ஒரு டயர் கடைக்கு மேலே, முதல் மாடி. நீள மேஜை. ஆறு பேரும் வந்திருந்தார்கள். நர்ஸ் டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். செயலாளர் நாற்காலி காலியாக இருந்தது. அவன் அதில் உட்காரவில்லை. நர்ஸின் மாமியார் நிற்கும் இடத்தில், மேஜையின் கடைசியில் நின்றான். கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

மினிட்ஸ் நோட்டு டீச்சர் முன்னால் இருந்தது. செயலாளரைத் தவிர வேறு யாரும் அதில் எழுதியதில்லை. டீச்சர் தேதி போட்டுவிட்டு, அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் முந்தைய பக்கத்தைப் புரட்டி, அவள் எப்படி ஆரம்பித்திருக்கிறாள் என்று பார்த்து எழுதினார்.

"சொல்லுங்க தம்பி."

"பட்டியல் குடுக்க வேண்டாம்."

பல் டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மன்னிச்சுக்கோங்க" என்றார் வக்கீல். "நான் விதிக்காகக் கேக்கறேன். இது அவங்க சொன்னதா? சொன்னபடியே சொல்லணும்."

காற்றடிக்கிற சத்தம் நின்றது.

"'குடுக்க வேண்டாம்'னு சொன்னா."

"எப்ப?"

"புதன்கிழமை காலைல. ஷூ போடும்போது."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் நீண்ட நேரம் துடைத்தார். டீச்சர் எழுதினார். நான்குக்கு மூன்று. கொண்டுவந்தவர் கையெழுத்து என்ற இடத்தைக் காட்டினார். அவன் போட்டான். அவன் கையெழுத்துக்கு மேலே அவள் பெயர் இருந்தது.

"வேற யார் சொல்லியிருந்தாலும் நான் பன்னெண்டு மணி வரைக்கும் சண்டை போட்டிருப்பேன்" என்றார் வக்கீல். "அவங்க சொன்னாங்க, சரி. நாற்பத்தொரு பேருக்கும் இடம் பாக்கணும். என் வீட்டு மாடில ரெண்டு ரூம் இருக்கு. முதல்ல அதை எழுதுங்க டீச்சர்."

"கிளினிக் பின்னாடி ஒரு ரூம்" என்றார் பல் டாக்டர்.

"நாற்காலியோடவா?"

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் இரண்டையும் எழுதிக்கொண்டார். நர்ஸ் ஏதோ விலாசம் சொல்ல ஆரம்பித்தாள். அவன் கதவுப் பக்கம் போனான். டீச்சர் எழுந்து கூடவே வந்தார்.

"காய்ச்சலோடயும் அவ இதைத்தான் நினைச்சிருக்கா, பாருங்க" என்றார் தணிந்த குரலில். "கடைசியா வேற ஏதாவது சொன்னாளா?"

"இல்ல டீச்சர்."

படியில் இறங்கினான். டயர் கடைக்காரர் அவனுக்கு வழி விட்டு நகர்ந்தார்.

அந்தப் புதன்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். டீச்சர் வீட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு காலில் ஷூவோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை பிடரியில் இருந்தது. அவள் பேச ஆரம்பித்தபோது அவன் விரலைத் தூக்கி, இரு, எடுக்கிறார்கள் என்று சைகை காட்டினான். டீச்சர் எடுத்தார். அவன் சொல்ல வேண்டியதைச் சொன்னான். வைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் தலை சுவரில் சாய்ந்திருந்தது. யோசிக்கிறாள் என்று நினைத்தான்.

"பட்டியல் விஷயத்துல நீயா இருந்தா என்னடா சொல்லுவ?" என்று கேட்டாள்.