இரண்டு பேருக்கு எழுதிய உறுதி

கிண்ணியாவில் சீதன வீட்டை மகள் பெயரில் மட்டும்தான் எழுதுவார்கள். பக்கீருக்கு அது போதவில்லை. மருமகனைக் கௌரவிக்கிறேன் என்று இருவர் பெயரிலும் வீட்டுப் பத்திரமான உறுதியை முடித்தார். மகள் றிஷானாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிள்ளையில்லாமலே மருமகன் அகீல் கடலில் மாண்டான். கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவை றிஷானா முடிக்கும்வரை பொறுத்திருந்த அகீலின் வீட்டார் பங்கு கேட்டார்கள்.

"வீட்டுல பாதி அகீல்ட. அந்தப் பாதியில உங்கட மகளுக்குக் கால் பங்குதான். மிச்சம் அவர்ட வீட்டாருக்கு," என்றார் பத்திரம் எழுதும் நொத்தாரிசு.

"நான் கட்டின வீடு!"

"ஓம். எழுதிக் குடுத்ததும் நீங்கதான்."

மறுநாள் அகீலின் தம்பி ஹஸ்மி பங்கு பிரிப்பதற்காகப் படுக்கையறையை அளக்க வந்தான். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. பக்கீர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

றிஷானாவே பிடித்தாள்.