ஏழாவது மரம்

வண்டிப்பாதைக்கும் என் வயலுக்கும் நடுவில் ஓர் உயிர்வேலி நிற்கிறது. என் வயல் என்றேன், குத்தகை நிலம்தான். சொந்தக்காரர் அதை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். அவர்கள் வீடு கட்டப் பாதையை அகலமாக்க வேண்டும், அதற்கு வேலியைப் பிடுங்க வேண்டும். வேலி மிகப் பழையது என்று ஆகிவிட்டால் பிடுங்கக்கூடாதாம். பிடுங்காவிட்டால் என் ஆடுகள் இருந்த இடத்திலேயே மேயும். இந்த வயது விவகாரத்தில் எனக்கு அக்கறை அவ்வளவுதான்.

வயதை எப்படிப் பார்ப்பார்கள் என்று மதுக்கடையில் நெட் லெக்தான் சொன்னான். அவனும் ஒரு காலத்தில் ஆடு வைத்திருந்தவன்.

"முப்பது கஜத்துக்குள்ள எத்தனை வகை மரம் இருக்கோ, வேலிக்கு அத்தனை நூறு வயசாம்டா, வில்ஃப்."

"யார் சொன்னது?"

"படிச்சவங்க."

"அப்போ குருவி நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் எச்சத்துல விதை போடுமா?"

"அதைக் குருவிகிட்ட கேளு. ஏழு வகை தேறினா ஒருத்தனும் தொட முடியாது. உனக்கு அது போதாதா, கிழட்டு முட்டாளே?"

போதும்தான். மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். வெண்முள், கருமுள், ஹேசல், மேப்பிள், சிவப்புத் தண்டு டாக்வுட், இளஞ்சிவப்பாய்க் காய்க்கும் ஸ்பிண்டில். ஏழாவதாக, வேலி நடுவில், காட்டு ஆப்பிள். அதன் காயை நான் தின்றதில்லை. வேலியில் காய்க்கிற ஆப்பிளை டார்செட்டில் எவன் தின்பான்? பல் கூசிப்போகும்.

செப்டம்பர் கடைசியில் கவுன்சிலிலிருந்து ஆல்சப் என்ற அம்மாள் வந்தாள். காலில் புத்தம் புது ரப்பர் பூட்ஸ். நாடாவைப் பிடித்து வேலியின் நடுவில் முப்பது கஜம் அளந்தாள். அது மட்டும்தான் கணக்காம். ஐவிக்கொடியைத் தாண்டிப் போனாள், முட்கொடியைத் தாண்டிப் போனாள்.

"அதெல்லாம் எதுக்கு விடுறீங்க, அம்மணி?"

"கொடியெல்லாம் கணக்குல வராது, மிஸ்டர் சாம்வேஸ்."

"யாருக்கு வசதியா இருக்கட்டும்னு?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வகை வரைக்கும் தடையில்லாமல் எண்ணிக்கொண்டு வந்தாள். ஆப்பிள் மரத்தடியில் நின்று இலையைத் திருப்பிப் பார்த்தாள், அடிப்புறத்தை விரலால் தடவினாள்.

"கொஞ்சம் ரோமமா இருக்கு. காட்டு ஆப்பிள்னா வழுவழுன்னு இருக்கணும். சரி, சந்தேகம்னு எழுதிக்கிறேன். சந்தேகம் வந்தா வேலிக்குச் சாதகமாத்தான் முடிவு பண்ணுவாங்க. நீங்க கவலைப்படாதீங்க."

கவலைப்படாதே என்று சொன்னவர்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். நிலத்தை விற்கமாட்டேன் என்றவரும் அப்படித்தான் ஆரம்பித்தார்.

"சந்தேகம்னு எழுத வேண்டாம். இங்க எழுதுவீங்க, அங்க ஒருத்தன் கோடு போட்டு அடிச்சிடுவான். காட்டு ஆப்பிள்னே எழுதுங்க. நம்பலைன்னா ஒண்ணைப் பறிச்சுக் கடிங்க. ஒரு வாரத்துக்கு வாய் கோணிக்கும்."

"வேண்டாமே, மிஸ்டர் சாம்வேஸ். இப்படியே இருக்கட்டும்."

"ஏன், பயமா?"

நானே ஒன்றைப் பறித்துச் சட்டையில் துடைத்து நீட்டினேன். வேறு வழியில்லாமல் கடித்தாள். மென்றாள். அவள் வாய் கோணவில்லை. பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனிக்குது," என்றாள், மெதுவாக. "இது தோட்டத்து ஆப்பிள், கணக்குல வராது. யாரோ தின்னுட்டுப் போட்ட விதையில முளைச்சிருக்கு. தெரிஞ்ச பிறகு நான் சந்தேகம்னு எழுத முடியாது."

வாங்கிக் கடித்தேன். இனித்தது.

யாரோ இல்லை. குளிர்காலத்தில் நான் இந்த வேலியின் தண்டுகளைப் பாதி வெட்டிச் சாய்த்துப் பின்னும்போது என் மனைவி ஈடித் சாப்பாடு கொண்டுவருவாள். கரைமேல் உட்கார்ந்து தன் அப்பா வீட்டு ஆப்பிளைத் தின்றுவிட்டு நடுத்தண்டை முதுகுக்குப் பின்னால் எறிவாள். பசுவே நின்றாலும் அதன்மேல் படாது, குறியே இருக்காது. அவள் போய்ச் சேர்ந்தபிறகு அந்தப் பக்கம் எத்தனை தடவை நடந்திருப்பேன், ஒரு காயைக் கடித்துப் பார்க்கவில்லை. இப்போது கடித்தும் பயனில்லை. அவள் அப்பா வீட்டு ஆப்பிளின் ருசியும் இதில் இல்லை. விதையில் வருவது தன் இஷ்டத்துக்குத்தான் வரும்.

ஆடுகளை நவம்பரில் ஏற்றி அனுப்பினேன். வேலியைப் பிடுங்கும் இயந்திரம் அடுத்த வாரம் வருகிறது. நேற்று நெட் வேலியோரம் வந்து நின்றான்.

"ஒரு கிளையை வெட்டி வைடா, வில்ஃப். நான் ஒட்டுப் போட்டுத் தர்றேன்."

"போட்டு?"

"நட்டு வை."

"எங்க?"

நெட் அங்குமிங்கும் பார்த்தான். பிறகு தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடந்தான்.